மின்சிக்கன வாரம்: அனைவரும் வருக!

மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பே எங்கள் பக்கம் மின்சிக்கனம் பிறந்துவிடும். டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு தினம். அன்று தொடங்கி 20ஆம் தேதி வரை மின்சிக்கன வாரம். ராஜபாளையத்தில் ஒரு பேரணி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கருத்தரங்கம், இரண்டு ஊருக்கும் நடுவே ஏதாவது ஒரு கல்லூரியில் சிறப்புச் சொற்பொழிவு. விடியுமுன் தோழியரை எழுப்பக் கிளம்பிய ஆண்டாளின் ஊரில், அதே மார்கழியில், பகல் பதினொரு மணிக்கு ஓர் அரங்கு நிறைய மாணவர்களை ஒட்டுமொத்தமாகத் தூங்கவைக்கும் திறமை நம் பேச்சாளர்களுக்கு உண்டு.

தேதியைக் கவனியுங்கள். டிசம்பர் என்பது ஃபேனை ஒன்றில் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிற மாதம். ஏ.சி. வைத்திருப்பவர்கள்கூட அதன் மேல் துணி போட்டு மூடியிருப்பார்கள். சிக்கனமாக இருங்கள் என்று ஊருக்குச் சொல்ல இதைவிட வசதியான மாதம் கிடையாது. தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்று உச்சத்தைத் தொட்டது 2024 மே 2 அன்று. அக்னி நட்சத்திரம் தொடங்கவே இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. அந்த வாரம் யாரும் பதாகை பிடித்துத் தெருவில் நடந்ததாகக் கேள்வி இல்லை. பேரணிக்குத் தலைமை தாங்குகிறவர்களுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது.

அரங்கத்துக்குள் வாருங்கள். பூமி சூடாவதைப் பற்றிப் பேசுவதற்கு முதலில் அரங்கை 18 டிகிரிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சிறப்பு விருந்தினர் சூடாகிவிடுவார். அவர் கோட்டு போட்டிருக்கிறார். விருதுநகர் மாவட்டத்தில் பகல் பதினொரு மணிக்குக் கோட்டு போட்டு நிற்பவரை நம்பி நாம் பருவநிலை பற்றிப் பாடம் கேட்கிறோம். அவருடைய மூன்றாவது ஸ்லைடில், அறை ஏ.சி. எல்லாம் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2020 ஜனவரி முதல் விதித்திருப்பது வரும். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்ற கணக்கும் வரும். கைதட்டல் எழும். ரிமோட் எங்கே என்று ஒருவரும் தேடமாட்டார்கள். வெளியே ஜெனரேட்டர் தயாராக நிற்கும். வாசலில் மரம் வளர்க்கச் சொல்லும் பிளெக்ஸ், மரத்தில் ஆணியடித்துக் கட்டப்பட்டிருக்கும்.

வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, அறிமுகவுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து சிறப்புரை தொடங்கும்போது மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குச் சாப்பாடு. ஆகவே கேள்வி நேரம் கிடையாது.

இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பது சுலபம். கூட்டம் நடத்துகிறவர்களே சேர்ந்து சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வருவது அந்த அரை மணிப் பேச்சில் என்ன வருகிறது, என்ன வராமல் போகிறது என்பதைப் பார்த்துத்தான்.

வருவது: அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணையுங்கள். டி.வி.யை ரிமோட்டில் மட்டும் நிறுத்தாமல் சுவிட்சையும் அணையுங்கள். ஒரு யூனிட்டைச் சேமித்தால் இரண்டு யூனிட்டை உற்பத்தி செய்ததற்குச் சமம். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார்? நான்கு பேருக்கு ஒரு ட்யூப்லைட் எரிகிற விடுதி அறைப் பிள்ளைகள். பின்வரிசையில், வற்புறுத்திக் கூட்டிவந்த சுய உதவிக்குழுப் பெண்கள். இவர்கள் வீட்டில் அணைப்பதற்கு இருப்பதே இரண்டு விளக்கு. மின்சாரம் என்றால் பயந்து பயந்து செலவழிக்கிற சனத்தை உட்காரவைத்துச் சிக்கனம் போதிக்க ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

இரண்டு யூனிட்டுக்குச் சமம் என்ற வாசகத்தின் பொருளையாவது பேச்சாளர் விளக்கலாம். அனல் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி நீராவியோடும் புகைபோக்கியோடும் போய்விடுகிறது. மிஞ்சி மின்சாரமாகி வருவதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் திருட்டிலும் கரைகிறது. அதாவது வீணாவதில் பெரிய பங்கு மீட்டருக்கு அந்தப்பக்கம். அறிவுரையோ முழுக்க முழுக்க மீட்டருக்கு இந்தப்பக்கம்.

வராமல் போவதைச் சொல்கிறேன். நிலைக்கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. சுவிட்சைப் போட்டாலும் போடாவிட்டாலும், இயந்திரம் ஓடினாலும் நின்றாலும், அனுமதி பெற்ற கிலோவாட்டுக்கு இத்தனை ரூபாய் என்று மாதாமாதம் கட்ட வேண்டிய பணம். சிறுதொழில்களுக்கு 2022 செப்டம்பர் வரை அது கிலோவாட்டுக்கு 35 ரூபாய். அந்த மாதம் வந்த கட்டண உயர்வில் 50 கிலோவாட் வரை 75 ரூபாய் ஆனது. அதற்கு மேல் 150. தாழ்வழுத்த இணைப்பின் உச்ச வரம்பான 112 கிலோவாட் வைத்திருந்தவர் அதுவரை மாதம் 3,920 ரூபாய் கட்டினார், மறுமாதம் 16,800. ஒரு யூனிட்கூட எரிக்காமல். பெரிய ஆலைகளுக்கு ஒரு கே.வி.ஏ.வுக்கு 350 ஆக இருந்தது 550 ஆனது. 2023, 2024, 2025 என்று அடுத்தடுத்த ஜூலைகளிலும் தொழிற்கட்டணம் ஏறியது. பொறுக்கமாட்டாமல் 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கச் சிறுதொழிலகங்கள் ஒருநாள் கதவடைத்தன.

இப்போது ராஜபாளையத்தில் பஞ்சு சுத்தம் செய்யும் சிறிய பட்டறை ஒன்று வைத்திருப்பவர், சொற்பொழிவைக் கேட்டு மனம் திருந்தி, பழைய மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் திறன் மோட்டார் வாங்குகிறார் என்று வையுங்கள். வாங்கிய கடனுக்கு வட்டி அவருடையது. யூனிட் குறையும். நிலைக்கட்டணம் அசையாது. ஆர்டர் இல்லாமல் பட்டறை பத்து நாள் மூடிக்கிடந்தால் அந்த நிலைக்கட்டணம் அவரைப் பார்த்துச் சிரிக்கும். முழுச் சிக்கனமாக, ஒரு விளக்குக்கூட எரியாமல் இருக்கும் அந்தப் பட்டறைக்கு மின்வாரியம் அனுப்பும் பாராட்டுப் பத்திரம்தான் அந்த பில்.

வீட்டுக் கணக்கு இன்னும் அழகு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு விலைப்பட்டியல். 501 ஆனால் வேறு பட்டியல். கூடிய ஒரு யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை மாறும். அந்த ஒரே ஒரு யூனிட் பில்லில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏற்றிவிடும். அதனால்தான் கணக்கெடுப்பு நாள் நெருங்க நெருங்க நம் வீட்டுப் பெண்கள் மீட்டரைப் போய்ப் போய்ப் பார்க்கிறார்கள்.

"அண்ணே, தேதி தாண்டிருச்சு, இன்னும் கணக்கெடுக்க வரலையே?"

"நான் என்னம்மா செய்ய? மூணு பேர் பார்க்கிற ஏரியாவை ஒருத்தன் பார்க்கேன். நாளைக்கு வாரேன்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மின்வாரியத்தில் பல்லாயிரம் பணியிடங்கள் காலி. நாளைக்கு என்பது நாலு நாளாகும்போது மீட்டர் எல்லையைத் தாண்டியிருக்கும் என்ற புலம்பலை எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். மாதம் ஒருமுறை கணக்கெடுப்போம் என்று தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் எழுதிக் கொடுத்தது. 2025 ஜூலையில் தொழிற்கட்டணம் ஏறியபோதுகூட அந்த வாக்குறுதி நடைமுறைக்கு வரவில்லை. ஏற்றுவதற்கு மட்டும் காலண்டர் தவறுவதில்லை. இதற்கு நடுவே, ஆளுக்கு ஒரு காரும் மாடிக்கு நாலு ஏ.சி.யும் வைத்திருக்கும் பங்களாவுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். சத்திரப்பட்டித் தகரக் கொட்டகைக்கும் அதே 100. சமத்துவம் என்றால் நம்மிடம் கற்க வேண்டும்.

சத்திரப்பட்டியைச் சொன்னதால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன். ராஜபாளையத்துக்குப் பக்கத்திலிருக்கிற அந்த ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் நெய்கிற பேண்டேஜ் துணிதான் எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளில் காயத்தைச் சுற்றுகிறது. தறிக்கூடத்துக்குள் சித்திரை மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பஞ்சுத் தூசி. இழை அறுந்துபோகும் என்று ஃபேன் போடமாட்டார்கள். போட்டாலும் அது அனலைத்தான் கீழே தள்ளும். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அங்கே வேலை செய்பவர் சட்டையில்லாமல், கழுத்தில் துண்டோடு, எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருப்பார். பருவநிலை மாற்றம் என்றால் என்ன என்று ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டிய அவசியம் இல்லாத ஒரே ஆள் இந்த ஊரில் அவர்தான். அவரை யாரும் மேடைக்கு அழைத்ததில்லை. அழைத்தால் ஒரு நாள் கூலி போகும். அதற்குப் பொன்னாடையில் பை இல்லை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்று 2023இல் அரசு உயர்த்தியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஷீட்டுக்கு வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுத்தால் உள்ளே சூடு குறையும் என்பது பேச்சாளருக்குத் தெரியும். அந்தப் பூச்சுக்கு யார் காசு கொடுப்பது என்பதைத்தான் அவர் ஸ்லைடில் எழுதவில்லை.

சூரியன் பக்கம் வருவோம். இந்த மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கூரையில் சோலார் போடுங்கள் என்பது பேச்சின் உச்சகட்டம். அப்போது பின்னணியில் ஒரு சூரியகாந்தி மலரும். போட்ட சிறுதொழில்காரரைக் கேளுங்கள். தன் கூரை, தன் பணம், தன் தலைக்கு மேல் விழுந்த வெயில். அதில் அவர் எடுத்த மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 1 ரூபாய் 53 காசு வலையமைப்புக் கட்டணம் என்று மின்வாரியம் வாங்கியது. போராடிப் போராடி 2023 நவம்பரில் அரசு அதைப் பாதியாக்கியது. வெயிலுக்குப் பாதி விலைதான் என்று அதையும் ஒரு சலுகை அறிவிப்பாக வெளியிட்டார்கள்.

காற்றின் கதையும் அதேதான். 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் மாநிலத்தின் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்தது. முப்பந்தலும் கயத்தாறும் தென்காசிப் பக்கமும் காடாக நிற்கிற காற்றாடிகளில் ஏராளம் நூற்பாலைகளுக்குச் சொந்தமானவை. இந்தப் பகுதி ஆலைக்காரர்கள் யாருடைய சொற்பொழிவையும் கேட்டு அதில் இறங்கவில்லை. மின்சாரம் இல்லாமல் செத்துவிடக் கூடாது என்று இறங்கினார்கள். 2012 நினைவிருக்கிறதா? சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. நமக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். ராத்திரி வாசலில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தோம். மாநிலத்தின் மின்கொள்கை எந்த ஊரை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை அந்த வருடம் போல யாரும் தெளிவாகச் சொற்பொழிவாற்றியதில்லை. அப்போது மின்சிக்கனம் பற்றி மைக்கில் பேச வந்தவர்களுக்கு மைக் வேலை செய்யவில்லை.

ஆனியிலும் ஆடியிலும் கணவாய் வழியே வீசுகிற காற்றில் எடுத்த மின்சாரத்தை வாரியத்திடம் கணக்கில் வைத்து, காற்றில்லாத மாதங்களில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஆலைகளுக்கு உயிர்நாடி. 2018 மார்ச் 31க்குப் பிறகு நிறுவிய காற்றாலைகளுக்கு அது கிடையாது என்று ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்தது. வாரியத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: சீசனில் மலிவாக வருவதை வாங்கிக்கொண்டு, தட்டுப்பாட்டில் விலை கொடுத்து வாங்கித் திருப்பித் தர வேண்டியிருக்கிறது, ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் கடனில் இருக்கும் நிறுவனம் எத்தனை நாள் அதைத் தாங்கும்? இந்த வாதத்தை இரண்டு தரப்பையும் மேடையில் உட்காரவைத்து ஊர் முன்னால் நடத்தினால் அதுதான் மின்கொள்கைச் சொற்பொழிவு. நான் பள்ளிக்கூட நாற்காலியில் உட்கார்ந்தாவது கேட்பேன். நடக்காது. நடுவில், காற்றாலையில் வருடக்கணக்காக முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைக் குஜராத் தாண்டிப் போய்விட்டது. நம் ஸ்லைடுகளில் நாம் இன்னும் முன்னோடி மாநிலம்.

காலநிலைக்கு வருவோம். 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியரே இயக்குநர், வனத்துறை அதிகாரி காலநிலை அலுவலர். 2024 மார்ச்சில் அதே அரசு வட சென்னையில் 800 மெகாவாட் நிலக்கரி அனல் நிலையத்தைத் திறந்து வைத்தது. உடன்குடியில் 1,320 மெகாவாட் எழும்பிக்கொண்டிருந்தது. நிலக்கரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி ஷிப்டுக்குச் சூரியன் வராது என்பது தறிக்காரருக்குத் தெரியும். அதை மேடையில் சொல்லும் நேர்மை வேண்டும் என்கிறேன். டெல்லிக்கும் இதில் பங்குண்டு. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் 2070க்குள் நிகர பூஜ்ஜியம் என்று பிரதமர் அறிவித்தார். அந்த ஆண்டு வரும்போது, இன்று முதல் வரிசையில் கண் சொக்கிக்கொண்டிருக்கும் பையனுக்கே அறுபது தாண்டியிருக்கும். உலக மேடையும் நம் ஊர் மேடைக்குச் சளைத்ததல்ல: 2023இல் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அபுதாபி எண்ணெய் நிறுவனத்தின் தலைவர். எங்கள் ஊர் விழாக்குழு அவ்வளவு தைரியமாக யாரையும் இதுவரை அழைத்ததில்லை.

இந்த வரிசையில் ராஜபாளையத்துக்கும் ஒரு கிரீடம் வந்திருக்கிறது: கார்பன் சமநிலை நகராட்சி ஆக்கப்போகும் அறிவிப்பு. சந்தோஷம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், அய்யனார் கோவில் ஆறு இறங்கி வரும் இடத்தில் இருக்கும் ஊர் இது. மலைத்தண்ணீர் தானாகவே ஓடிவந்து ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் நிற்கும். அதை இறக்க மோட்டார் தேவையில்லை. ஊர் பெருத்தது, அது போதவில்லை, தாமிரபரணியிலிருந்து குழாய் போட்டு, பம்ப் செய்து கொண்டுவந்தார்கள். குடிக்கிற தண்ணீர், வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு குடத்துக்கும் பின்னால் இப்போது மின்சாரம் இருக்கிறது. மலையடிவாரத்துக் கண்மாய்களைத் தூர்வாரி, வரத்துக்கால்களில் ஏறி நிற்கும் ஆக்கிரமிப்புகளை எடுத்து, நிலத்தடி நீர் மேலே வந்தால் ஊர் முழுக்க ஓடுகிற போர்வெல் மோட்டார்களின் கரண்டு எவ்வளவு குறையும் என்று எந்தப் பேச்சாளரும் கணக்குப் போட்டுக் காட்டி நான் கேட்டதில்லை. காட்டினால் ஆக்கிரமித்தவர் யார் என்ற கேள்வி வரும். அவர் சில வேளை முன்வரிசையிலேயே இருப்பார்.

கூட்டம் முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த விருந்தாளியைப் பால்கோவா இல்லாமல் அனுப்பும் வழக்கமில்லை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். சற்று முன் விறகடுப்புப் புகையின் தீமைகளை ஐந்து ஸ்லைடில் விளக்கிய அதே மனிதர், டப்பாவைக் கையில் வாங்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "விறகடுப்புல கிண்டினதுதானே?" அந்த அடுப்புக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்று கிண்டியவரின் கண்ணும் நுரையீரலும் அவருடைய அறிக்கையில் ஒரு வரி. ருசி மட்டும் டப்பாவில் கட்டி எடுத்துப்போக. பிறகு, ஓட்டுநர் அரை மணி நேரமாக ஏ.சி. போட்டுக் குளிரவைத்திருந்த கார் மதுரை விமான நிலையத்துக்குக் கிளம்பும்.

எங்கள் ஊர் சனம் கூட்டமே இல்லாமல் மின்சாரத்தை மொத்தமாகச் சேமிக்கிற நாள் ஒன்று உண்டு. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடும்போது ரதவீதிகளில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். யாரும் முணுமுணுப்பதில்லை, காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நிற்கிறது, தேர் தாண்டியதும் திரும்ப வருகிறது. சனத்துக்குச் சிக்கனம் தெரியாது என்று பேசுகிறவர்கள் அன்றைக்கு வந்து வடம் பிடிக்கட்டும்.

அடுத்த டிசம்பரிலும் அழைப்பிதழ் வரும். போங்கள், போகாமல் இருக்காதீர்கள். ஆனால் வீட்டு மின்கட்டண அட்டையையும் கடைசி இரண்டு பில்லையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் நிலைக்கட்டண வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு எடுத்துப் போங்கள். சிறப்புரை முடிந்ததும் எழுந்து நின்று, மாதக் கணக்கெடுப்பு எப்போது, மூடிக்கிடந்த பட்டறைக்குக் கட்டணம் எதற்கு, கண்மாய் எப்போது தூர்வாரப்படும் என்று கேளுங்கள். நேரமாகிவிட்டது, சாப்பாடு தயார் என்று அறிவிப்பார்கள். பதில் வருகிற வரை யாரும் பந்திக்கு எழுந்திருக்காதீர்கள்.